'நைஸ்' என்றால் 'நல்ல' மட்டும்தானா?

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் நிறைவு நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கநிலை ஆசிரியர்களும் உயர்நிலை ஆசிரியர்களும் ஒரே கூடத்தில் அமர்ந்திருக்கிறீர்கள். இரு தரப்புக்கும் பயன்படும்படி எதைப் பேசலாம் என்று யோசித்தபோது ஒரு சொல் நினைவுக்கு வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும். பத்தாம் வகுப்பு மாணவருக்கு அதன் முழுப் பொருளும் தெரியாது. பிள்ளைகளின் கட்டுரை நோட்டில் அதிகம் வரும் சொல் அது. அதே நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் நாம் அதிகம் எழுதும் சொல்லும் அதுவே. 'நைஸ்' என்ற பெயரடையைத்தான் சொல்கிறேன்.

சொற்பொருள் பட்டியலில் இதற்கு 'நல்ல' என்று ஒரே பொருள் எழுதுகிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அத்துடன் பாடம் முடிகிறது. ஆனால் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு பொருளை எழுதிவிட்டால் அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்ததாகுமா? வீட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் உள்ள பிள்ளை மற்ற பொருள்களை எங்காவது கேட்டுத் தெரிந்துகொள்ளும். நம்மிடம் வரும் பிள்ளைகளில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வருபவர்கள். அவர்களுக்கு நாம் சொன்ன ஒரு பொருள்தான் கடைசிவரை அந்தச் சொல்லின் பொருள். அதனால்தான் இந்தச் சின்னச் சொல்லுக்கு இவ்வளவு நேரம் ஒதுக்குகிறேன்.

இன்றைய வழக்கு

முதலில் இன்று இந்தச் சொல் எப்படி வழங்குகிறது என்று பார்ப்போம்.

'எ நைஸ் ஹவுஸ்' என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். 'த ஹவுஸ் இஸ் நைஸ்' என்று வினைக்குப் பின்னாலும் வரும். ஒப்பீட்டுப் படியில் 'நைசர்', உயர்வுப் படியில் 'நைசஸ்ட்'. வினையடை 'நைஸ்லி'. இவை இலக்கணப் பாடத்திலேயே உள்ளவை.

பொருள் எங்கே மாறுகிறது என்று கவனியுங்கள். மாம்பழம் நைஸ் என்றால் இனிப்பாக, சுவையாக இருக்கிறது. நாள் நைஸ் என்றால் வெயில் கொளுத்தாமல், மழை கொட்டாமல் இதமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நைஸ் என்றால் அன்பாகப் பழகுகிறார். சட்டை நைஸ் என்றால் பார்க்க அழகாக இருக்கிறது. 'பி நைஸ் டு ஹெர்' என்று ஒரு தாய் மகனிடம் சொன்னால், 'அவளிடம் அன்பாக நடந்துகொள்' என்று பொருள். இங்கே 'நல்ல' என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்தால் வாக்கியம் நிற்காது. 'இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்' என்றால், 'நீங்கள் வந்தது உங்கள் அன்பைக் காட்டுகிறது' என்ற அளவில் ஒரு நன்றி.

'நைஸ் டு மீட் யூ' என்பதை ஒருவரை முதன்முறை சந்திக்கும்போதுதான் சொல்வார்கள். மறுமுறை பார்க்கும்போது 'நைஸ் டு சீ யூ'. பேச்சுப் பயிற்சியில் தினமும் பார்க்கும் பெஞ்சுத் தோழனிடம் நம் பிள்ளைகள் 'நைஸ் டு மீட் யூ' சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அது பிள்ளையின் தவறன்று. சூழலைச் சொல்லாமல் தொடரை மட்டும் நாம் கொடுத்ததன் விளைவு.

'நைஸ் அண்ட் வார்ம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'நல்ல மற்றும் சூடான' என்று மொழிபெயர்த்தால் கேலிக்கூத்தாகிவிடும். 'நல்லா கதகதப்பா' என்பதுதான் சரி. 'காபி நல்ல சூடு' என்று நாம் சொல்லும்போது 'நல்ல' என்பது சூட்டின் அளவைக் காட்டி, அது நமக்குப் பிடித்த அளவு என்பதையும் சேர்த்துச் சொல்கிறதல்லவா? 'நைஸ் அண்ட்' என்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. இப்படித் தமிழிலிருந்து காட்டினால் பிள்ளைகள் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

பல பெயரடைகள் அடுத்தடுத்து வரும்போது ஆங்கிலத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. பேசுபவரின் கருத்தைச் சொல்லும் சொல் முதலில், அளவு அடுத்து, நிறம் அதற்கும் பின்னால். 'எ நைஸ் லிட்டில் ரெட் பேக்' என்பது சரி. 'எ ரெட் லிட்டில் நைஸ் பேக்' என்று யாரும் சொல்வதில்லை. நைஸ் என்பது கருத்தைச் சொல்லும் சொல் என்பதால் பெரும்பாலும் அது வரிசையின் தலையில் நிற்கும்.

குரலையும் கவனிக்க வேண்டும். வீட்டைக் குப்பையாக்கிய பிள்ளைகளைப் பார்த்து, 'தட்ஸ் எ நைஸ் மெஸ்' என்றால் அது பாராட்டன்று. 'ரொம்ப நல்லாயிருக்கு!' என்று நம் வீட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வார்களே, அதே தொனி. இன்னொன்று, நைஸ் ஒரு மென்மையான சொல். தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வந்து 'நைஸ்' என்று எழுதினால் அந்த விமானத்தின் உயரத்துக்கு அந்தச் சொல் போதாது. நாட்டுக்காக உயிர் கொடுத்தவரின் தியாகத்தை நைஸ் என்று சொல்ல முடியாது. எங்கே வரும் என்பதைப் போலவே எங்கே வராது என்பதும் சொல்லறிவில் சேர்ந்ததுதான்.

எங்கிருந்து வந்தது?

இனி இதன் பிறப்பைப் பார்ப்போம். முதன்முறை கேட்பவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

நைஸ் லத்தீன் மொழியில் 'நெஸ்கியுஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. அதன் பொருள் 'அறியாத' என்பது. 'நெ' என்றால் 'இல்லை'. 'ஸ்கீரே' என்றால் 'அறிதல்'. இந்த 'ஸ்கீரே' நமக்குப் புதிதன்று. பள்ளிக் கால அட்டவணையில் தினமும் எழுதும் 'சயின்ஸ்' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அறிதலிலிருந்து சயின்ஸ், அறியாமையிலிருந்து நைஸ். மனச்சாட்சியைக் குறிக்கும் 'கான்ஷியன்ஸ்' என்ற சொல்லும் இதே குடும்பம்.

லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு மொழிக்குப் போனபோது 'அறியாத' என்பது 'அசட்டுத்தனமான, வெகுளியான' என்றாயிற்று. 1066ஆம் ஆண்டு நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன் பின் சில நூற்றாண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வழங்கியது. அக்காலத்தில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் வந்தன. நைஸ் 1300ஆம் ஆண்டை ஒட்டி வந்து சேர்ந்தது. அன்று இங்கிலாந்தில் ஒருவரை நைஸ் என்று சொன்னால் முட்டாள் என்று பொருள். 1400இல் மறைந்த கவிஞர் சாசரின் எழுத்திலும் இந்தப் பொருளில் அது வருகிறது.

முட்டாள் எப்படி நல்லவன் ஆனான்? ஒரே நாளில் நடக்கவில்லை. அசட்டுத்தனம் என்பதிலிருந்து பகட்டு, கட்டுப்பாடின்மை என்ற பொருள்கள் கிளைத்தன. இன்னொரு பக்கம் கூச்சம், தயக்கம் என்ற பொருளும் வந்தது. உடையிலும் உணவிலும் 'இது வேண்டாம், அது வேண்டாம்' என்று குறை சொல்பவரையும் இந்தச் சொல் குறித்தது. எதிலும் குறை காண்பவருக்குச் சிறு வேறுபாடும் கண்ணில் படும் அல்லவா? அங்கிருந்து நுட்பம், துல்லியம் என்ற பொருள் பிறந்தது. 16, 17ஆம் நூற்றாண்டு நூல்களில் இந்தப் பொருள்கள் எல்லாம் ஒரே காலத்தில் வழங்கின. சில வாக்கியங்களில் எந்தப் பொருள் என்று அறிஞர்களாலேயே உறுதி சொல்ல முடிவதில்லை.

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' நாடகத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் அவன் கையில் போய்ச் சேரவில்லை. அது தெரிந்து பதறும் பாதிரியார் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசும்போது நைஸ் என்ற சொல்லை எதிர்மறையில் பயன்படுத்துகிறார். இன்றைய பொருளை வைத்துப் படித்தால் 'அது நல்ல கடிதமல்ல' என்று தோன்றும். அவர் சொல்வது வேறு. அது அற்பமான கடிதமல்ல, உயிர்போகும் செய்தி அதில் இருக்கிறது என்கிறார். அற்பம் என்பதும் ஒரு காலத்தில் நைஸுக்கு இருந்த பொருள். பழைய நூலை இன்றைய பொருளால் படித்தால் எவ்வளவு தூரம் வழி தவறுவோம் என்பதற்கு இந்த ஓர் இடம் போதும்.

சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்குத் துல்லியம், மென்மை, அளவுக்கு மீறிய கறார் என்ற வகைப் பொருள்களே முன்னிற்கின்றன. மென்மையானது, நேர்த்தியானது என்பதிலிருந்து 'மனத்துக்கு இதமானது' என்ற பொருளுக்கு ஓரடிதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த அடியும் எடுத்து வைக்கப்பட்டது. அதன் பிறகு அது வேகமாகப் பரவிவிட்டது.

எவ்வளவு வேகமாக என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜேன் ஆஸ்டின் எழுதிய 'நார்த்தாங்கர் ஆபி' என்ற நாவல் அவர் மறைந்தபின் 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதில் கேத்தரின் என்ற இளம்பெண் தனக்குப் பிடித்த ஒரு நாவலை நைஸ் என்கிறாள். ஹென்றி அவளைக் கிண்டல் செய்கிறான். புத்தகத்தின் கட்டுமானம் நேர்த்தியாக இருக்கிறது என்று சொல்கிறாயா என்று, பழைய பொருளை எடுத்துக்கொண்டு கேட்கிறான். முன்பு நுட்பத்தையும் நேர்த்தியையும் குறித்த சொல், இப்போது எதற்கு வேண்டுமானாலும் ஒட்டும் பசையாகிவிட்டது என்பது அவன் குறை. நம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டைப் பார்த்து நாம் சொல்லும் குறை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஆங்கிலேயர்களிடையே நாவலில் வைத்துப் பேசும் அளவுக்கு இருந்திருக்கிறது.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு குறிப்பு. சாசர் காலத்தில் இந்தச் சொல்லை ஏறத்தாழ 'நீஸ்' என்றே ஒலித்தார்கள். 15ஆம் நூற்றாண்டு தொடங்கி ஆங்கில நெடில்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறின. 'ஈ' ஒலி 'ஐ' ஆயிற்று. ஒலி மாறியது, எழுத்து மாறவில்லை. 'ஐ' என்ற எழுத்தைச் சில சொற்களில் ஏன் 'ஐ' என்றும் சில சொற்களில் ஏன் 'இ' என்றும் படிக்கிறோம் என்று பிள்ளை கேட்டால், வரலாற்றில் அதற்குக் காரணம் உண்டு என்று சொல்லலாம். தொடக்கநிலையில் வரலாறு வேண்டாம். ஐஸ், ரைஸ், மைஸ், ப்ரைஸ், ட்வைஸ் என்று ஒரே ஈற்றுள்ள சொற்களை நைஸோடு சேர்த்துக் கொடுங்கள். 'ஈ' என்ற எழுத்துக்கு முன்னால் வரும் 'சி' என்ற எழுத்து 'ஸ்' என்று ஒலிக்கும் விதி தானாகப் பதிந்துவிடும்.

பிரான்சு நாட்டில் இதே எழுத்துகளால் எழுதப்படும் 'நீஸ்' என்ற கடற்கரை நகரம் இருக்கிறது. உலகப்படத்தில் அதைப் பார்த்துவிட்டு, அந்த ஊர்ப் பெயரும் இந்தச் சொல்லும் ஒன்றா என்று ஒரு மாணவர் கேட்கலாம். இரண்டும் வேறு. ஊர்ப் பெயர் கிரேக்கர் இட்ட 'நிகையா' என்பதிலிருந்து வந்தது. வெற்றியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது. தமிழில் ஓடும் ஆறும் எண் ஆறும் எழுத்தில் ஒன்று, சொல்லால் வேறு. அதுபோலத்தான் இதுவும்.

ஏறிய சொல்லும் இறங்கிய சொல்லும்

நைஸ் கீழிருந்து மேலே ஏறிய சொல். மேலிருந்து கீழே வந்த சொல்லும் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'சில்லி' என்று பிள்ளைகளைச் செல்லமாகத் திட்டுகிறோமே, அந்தச் சொல்லின் பழைய வடிவத்துக்கு 'ஆசி பெற்ற, பேறு பெற்ற' என்று பொருள். பேறு பெற்றவர் என்பது கள்ளமற்றவர் என்றாகி, பிறகு பாவப்பட்டவர் என்றாகி, கடைசியில் அசடு என்று முடிந்தது. நைஸ் புறப்பட்ட இடத்துக்குச் சில்லி வந்து சேர்ந்தது.

நம் தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியன்று. 'நாற்றம்' என்பது பழந்தமிழில் மணத்தைக் குறித்த சொல். இன்று ஒருவரிடம் 'உங்கள் வீட்டுப் பூ நாற்றம் அடிக்கிறது' என்று சொல்லிப் பாருங்கள். இதை இழிபொருட்பேறு என்கிறோம். 'களிப்பு' கள்ளுண்ட மயக்கத்தைக் குறித்து, இன்று மகிழ்ச்சியைக் குறிக்கிறது. இது உயர்பொருட்பேறு. உயர்நிலை வகுப்புகளில் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து ஒரே பாடவேளையில் இந்த நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதிப் பேசினால் இரண்டு பாடத்துக்கும் பயன். மொழி மாறும், அது மாறும் வழிகள் எல்லா மொழிக்கும் ஏறத்தாழ பொது என்ற உண்மை மாணவர் மனத்தில் நிற்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஒரு சொல்லின் பழைய பொருளே உண்மைப் பொருள், இன்றைய பொருள் பிழை என்று சிலர் வாதிடுவார்கள். நைஸ் என்றால் முட்டாள் என்றுதான் அர்த்தம், யாராவது உங்களை நைஸ் என்றால் மகிழாதீர்கள் என்று வேடிக்கையாகச் செய்தி பரப்புகிறார்கள். சொல்லின் பிறப்பு அதன் வரலாறு. சொல்லின் பொருள் இன்று பேசுவோர் அதைப் பயன்படுத்தும் விதம். நாற்றம் ஒரு காலத்தில் மணம் என்பதற்காக இன்று யாரும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொற்பிறப்பை வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகள் ஆர்வத்தோடு கேட்பார்கள். ஆனால் இன்றைய வழக்கைத் திருத்தும் பிரம்பாக அதை எடுக்க வேண்டாம்.

நம் ஊர் நைஸ்

இந்தச் சொல் நம் பேச்சிலும் குடியேறியிருக்கிறது. மாவு மில்லில், 'நைஸா அரைக்கணுமா, கொரகொரப்பா அரைக்கணுமா?' என்று கேட்பார்கள். ஜவுளிக் கடையில் 'நைஸ் துணி' என்பார்கள். 'நைசா நழுவிட்டான்', 'நைசா பேசிக் காரியத்தைச் சாதிச்சுட்டான்' என்பது அன்றாடப் பேச்சு.

இந்த நைஸ் எதுவும் 'நல்ல' என்ற பொருளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாவில் அது நுண்மை. துணியில் மென்மை. நழுவுவதில் யாரும் அறியாத நுட்பம். பேச்சில் வழவழப்பான தந்திரம். இன்றைய ஆங்கிலத்தின் நைஸைவிட, ஜான்சன் அகராதியில் உள்ள நைஸுக்கே நம் மாவு மில் நைஸ் நெருங்கி நிற்கிறது. இன்றைய ஆங்கிலத்திலும் 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்றால் நுட்பமான வேறுபாடு என்றுதான் பொருள். நுணுக்கத்தைக் குறிக்கும் 'நைசிட்டி' என்ற சொல்லும் அந்தப் பழைய பொருளைத் தாங்கி நிற்கிறது. பத்தாம் வகுப்பு மாணவருக்கு இந்த அரிய பொருளைப் புரியவைக்க மாவு மில்லைவிட நல்ல இடம் இல்லை.

யாராவது எழுந்து, 'ஐயா, தமிழில் நைதல் என்ற வினை இருக்கிறதே, நைய அரைப்பது என்கிறோமே, நைஸ் அதிலிருந்து வந்ததாக இருக்கலாமே' என்று கேட்கலாம். மாணவரே கேட்டால் முதலில் பாராட்டுங்கள். பிறகு, ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது என்று விளக்குங்கள். ஆங்கில நைஸின் வரலாறு எழுத்துச் சான்றுகளால் நூற்றாண்டு வாரியாகத் தொடர்ந்து தெரிகிறது. லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று படிப்படியாகக் காட்ட முடிகிறது. சொற்பிறப்பு என்பது அப்படிக் காட்டப்படுவது. ஒலி ஒற்றுமையைப் பார்த்ததும் முடிவுக்குத் தாவாமல் 'எந்த நூலில், எந்த ஆண்டில்?' என்று கேட்கும் பழக்கம், மொழிப்பாடத்துக்கு மட்டுமன்றி, செல்பேசியில் வரும் எந்தச் செய்தியையும் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு உதவும்.

வகுப்பில் செய்ய வேண்டியவை

சில எளிய செயல்பாடுகளைச் சொல்கிறேன். செலவு எதுவும் இல்லை.

தொடக்கநிலைக்கு ஒன்று. கரும்பலகையில் நைஸ் என்று நடுவில் எழுதி வட்டமிடுங்கள். சுற்றிலும் மாம்பழம், நாய்க்குட்டி, சட்டை, பாட்டி, வானம் என ஐந்து படங்கள் வரையுங்கள். பிள்ளைகள் ஐந்தையும் நைஸ் என்றே சொல்லட்டும். பிறகு ஒவ்வொன்றும் ஏன் நைஸ் என்று தமிழில் கேளுங்கள். மாம்பழம் இனிப்பு, நாய்க்குட்டி விளையாடும், சட்டை சுத்தம், பாட்டிக்குப் பாசம், வானம் தெளிவு என்பார்கள். அந்தக் காரணத்துக்கான ஆங்கிலச் சொல்லை அப்போது கொடுங்கள். ஸ்வீட், ப்ளேஃபுல், க்ளீன், கைண்ட், க்ளியர். சொல் தேவைப்படும் நேரத்தில் கிடைத்தால் பிள்ளை மறக்காது.

நடுநிலை வகுப்புக்கு ஒன்று. பிள்ளைகள் எழுதிய பத்தியில் நைஸ் வரும் இடங்களை அவர்களே பென்சிலால் அடிக்கோடிடட்டும். மூன்று முறை வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை மாற்ற வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும். அந்த முடிவு எடுக்கும்போதுதான் சொற்களை எடை போடப் பழகுகிறார்கள்.

உயர்நிலைக்கு ஒன்று. அகராதியில் இந்தச் சொல்லின் எல்லாப் பொருள்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் வீட்டில் வழங்கும் தமிழ்த் தொடர் ஒன்றைத் தேடி எழுதச் சொல்லுங்கள். 'நல்லா கதகதப்பா', 'ரொம்ப நல்லாயிருக்கு!', 'நைசா அரைச்ச மாவு' என வரும். மாணவர் தன் வீட்டுத் தமிழை ஆங்கிலம் கற்கும் கருவியாகப் பார்க்கத் தொடங்குவார். தமிழ் வந்தால் ஆங்கிலம் வராது என்ற அச்சம் அங்கே கொஞ்சம் குறையும்.

ஒரு வேண்டுகோள். 'இனி யாரும் நைஸ் எழுதக் கூடாது' என்று தடை போட்டுவிடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஆங்கிலத்தில் தெரிந்த பெயரடைகள் நாலே நாலு என்றால் அதில் நைஸ் ஒன்று. முதன்முறை எழுந்து நின்று, 'மை வில்லேஜ் இஸ் நைஸ்' என்று ஒரு பிள்ளை சொல்வது சாதாரணச் செயலன்று. அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளை வேறு நல்ல சொல்லைத் தேடாது, உட்கார்ந்துவிடும். மறுபடி எழ மாதங்கள் ஆகலாம். முதலில் அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, 'உன் ஊரில் என்ன நைஸ்?' என்று கேளுங்கள். குளம் என்று சொன்னால், குளம் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். இரண்டு கேள்வியில் இரண்டு புதிய சொல் வந்துவிடும்.

நம் சிவப்பு மை

கடைசியாக நம்மைப் பற்றி.

பிள்ளை எல்லாவற்றுக்கும் நைஸ் எழுதுவதைக் குறை சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் நோட்டில் நாம் எழுதியிருப்பது என்ன? 'நைஸ்', 'குட்', 'வெரி குட்'. இதைப் படிக்கும் பிள்ளைக்கு மகிழ்ச்சி வரும், மறுக்கவில்லை. ஆனால் தான் எதைச் சரியாகச் செய்தோம் என்று தெரியாது. கையெழுத்தா, எழுத்துப்பிழை இல்லாததா, சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதியதா? தெரியாததால் அடுத்த முறை எதைத் திரும்பச் செய்வது என்றும் தெரியாது. சொல்லித்தர வீட்டில் ஆள் உள்ள பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ளும். மற்றப் பிள்ளைக்கு நம் குறிப்பு ஒன்றுதான் வழி.

'நைஸ்' என்பதற்குப் பதிலாக, 'ஒவ்வொரு வாக்கியத்தையும் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கிறாய். இரண்டு இடத்தில் முற்றுப்புள்ளி இல்லை, தேடிப் பார்' என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் பிள்ளைக்குப் புரியாது என்று தோன்றினால் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில நோட்டில் தமிழ்க் குறிப்பு எழுதினால் குற்றமில்லை. புரிய வேண்டும், அவ்வளவுதான்.

'நாற்பது நோட்டுக்கு இப்படி எழுத நேரம் எங்கே இருக்கிறது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. பதிவேடுகளுக்கும் இணையதளப் பதிவுகளுக்கும் நடுவில்தான் நோட்டுத் திருத்துகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து நோட்டு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு வழக்கம்போல் சரி போடுங்கள். அந்த ஐந்துக்கு மட்டும் இரண்டு வாக்கியம். எட்டு வேலை நாளில் நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரு முறை வந்துவிடும். ஒரு பருவத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கைந்து முறையாவது துல்லியமான குறிப்பு கிடைக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்த நாள் என்று வருகைப் பதிவேட்டின் வரிசையிலேயே போனால் யாரும் விடுபட மாட்டார்கள். பின் பெஞ்சில் பேசாமல் இருக்கும் பிள்ளையின் முறையும் தவறாமல் வரும்.

நைஸ் என்ற சொல்லுக்குத் துல்லியம் என்ற பொருள் ஒரு காலத்தில் இருந்தது என்று பார்த்தோம். நாம் பிள்ளைகளைப் பாராட்டும்போது அந்தப் பொருளைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். நாளை பள்ளிக்குப் போனதும் முதல் ஐந்து நோட்டை எடுத்துத் தொடங்குங்கள். அடுத்த பயிற்சியில் சந்திக்கும்போது, பிள்ளைகளின் எழுத்தில் என்ன மாறியது என்பதை உங்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.